சுண்ணாம்பை மறந்த கதை

சரித்திரம் என்றால் நமக்கு உடனே ஞாபகத்துக்கு வருவது கோட்டையும் கொத்தளமும், யானைப் படையும் குதிரைப் படையும்தான். ராஜாக்கள் போட்ட சண்டைக்குத் தேதி உண்டு, கல்வெட்டும் உண்டு. அடுப்பங்கரையில் நடந்த காரியத்துக்குக் கல்வெட்டு ஏது? ஆனாலும் மனித குலத்தை வாழவைத்த மகத்தான கண்டுபிடிப்புகளில் பல அடுப்பங்கரையில்தான் நிகழ்ந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றைப் பற்றி இங்கே சொல்லப் போகிறேன். அதைக் கண்டுபிடித்தவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அதை மறந்தவர்கள் பட்ட பாடு மட்டும் வைத்திய நூல்களில் விவரமாக இருக்கிறது.

மெக்ஸிகோ தேசத்தில் டாக்கோ என்று ஓர் உணவு உண்டு. மக்காச்சோள மாவில் உள்ளங்கை அகலத்துக்கு மெல்லிய ரொட்டி தட்டி, சூட்டுக் கல்லில் எண்ணெயில்லாமல் வாட்டுகிறார்கள். இந்த ரொட்டிக்கு டோர்டீயா என்று பெயர். அதன் நடுவில் பொரித்த மீனோ, இறைச்சியோ, வேகவைத்த பயறோ வைக்கிறார்கள். அதற்கு மேல் ஸால்ஸா என்னும் காரமான பச்சடியை ஒரு கரண்டி போட்டு, இரண்டாக மடித்து, கையில் பிடித்துக்கொண்டு சாப்பிட வேண்டியதுதான். இலையும் வேண்டாம், தட்டும் வேண்டாம்.

இந்தப் பச்சடியைப் பழங்களைக் கொண்டும் செய்வதுண்டு. முற்றிப் பழுக்கத் தொடங்கிய மாம்பழத்தைப் பொடிப் பொடியாக நறுக்கி, வெங்காயம், பச்சைமிளகாய், கொத்தமல்லித் தழை, எலுமிச்சம்பழச் சாறு, உப்பு இவற்றோடு கலந்தால் மாம்பழ ஸால்ஸா தயார். சாப்பிட்டு முடிக்க மூன்று நிமிஷம் போதும். ஆனால் அந்த ஒரு பிடி உணவு ஒன்றுசேர ஒன்பதாயிரம் ஆண்டுகள் ஆகியிருக்கின்றன!

முதலில் மேலே இருக்கும் பச்சடியைப் பார்க்கலாம். ஸால்ஸா என்ற பெயர் ஸ்பானியப் பெயர். உப்பைக் குறிக்கும் லத்தீன் வார்த்தையிலிருந்து வந்தது. பெயர்தான் வெளியூர், சரக்கு உள்ளூர். தக்காளியும் மிளகாயும் அந்த மண்ணில் பயிராகி வந்தவை. 'டொமேட்டோ', 'சில்லி' என்று இன்று உலகமெல்லாம் வழங்கும் பெயர்கள், ஆஸ்டெக் மக்கள் பேசிய நஹுவாட்ல் மொழியிலிருந்து பிறந்தவை. மூன்று கால் வைத்த கல் சட்டியில் இவற்றைப் போட்டுச் சிறு குழவியால் நசுக்குவார்கள். அந்தக் கல் சட்டிக்கும் நஹுவாட்ல் பெயர்தான்: மொல்கஹேத்தே.

கொலம்பஸ் 1492-ல் கப்பலேறியபோது மனத்தில் இருந்தது மிளகு. அவர் கண்டதோ மிளகாய். கடித்துப் பார்த்தால் காரமாக இருந்தது. அதனால் இதுவும் மிளகு வகைதான் என்று ஸ்பானியர் மிளகின் பெயரையே அதற்கும் வைத்துவிட்டார்கள். அவர்களைப் பார்த்து நாம் சிரிக்க முடியாது. போர்த்துக்கீசியர் அந்தச் சரக்கைக் கொண்டுவந்து நம் கரையில் இறக்கியபோது நாம் என்ன செய்தோம்? மிளகைப் போலக் காரமுள்ள காய், ஆகையால் 'மிளகாய்' என்று சொல்லிவிட்டோம். ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இருந்த இரண்டு ஜாதியாரின் நாக்கு ஒரே மாதிரி வேலை செய்திருக்கிறது.

ஸ்பானியத் தளபதி கோர்த்தேஸ் 1519-ல் மெக்ஸிகோவில் வந்திறங்கினார். 1521-ல் ஆஸ்டெக் தலைநகரம் விழுந்தது. துப்பாக்கியோடும் அம்மை நோயோடும் வேறு சில சாமான்களும் அந்தக் கரைக்கு வந்தன. வெங்காயம் வந்தது, கொத்தமல்லி வந்தது, அரபியர் வழியாக ஸ்பெயினுக்குப் போயிருந்த எலுமிச்சையும் வந்தது. இன்று மெக்ஸிகோக்காரரிடம் கொத்தமல்லி அவர்கள் நாட்டுப் பயிரல்ல என்று சொன்னால் சண்டைக்கு வந்தாலும் வருவார். அவ்வளவு சொந்தமாகிவிட்டது.

மாம்பழம் வந்த வழி இன்னும் நீளமானது. 1565-ல் ஸ்பானியக் கப்பல் ஒன்று பிலிப்பைன்ஸ் தீவுகளிலிருந்து பசிபிக் சமுத்திரத்தைக் கடந்து மெக்ஸிகோவுக்குத் திரும்பும் பாதையைக் கண்டுபிடித்தது. அதிலிருந்து 1815 வரையில், இரண்டரை நூற்றாண்டுக் காலம், மணிலாவுக்கும் மெக்ஸிகோவின் அகபுல்கோ துறைமுகத்துக்கும் இடையே கப்பல்கள் போய்வந்து கொண்டிருந்தன. இங்கிருந்து பட்டும் பீங்கானும் போயின. அங்கிருந்து வெள்ளி வந்தது. அந்தப் பாதையில் போய்ச் சேர்ந்ததுதான் மாம்பழம். இன்றும் மெக்ஸிகோவில் ஒரு ஜாதி மாம்பழத்துக்கு 'மணிலா' என்றுதான் பெயர்.

பழத்தைவிடப் பெயரின் பிரயாணம் சுவாரஸ்யமானது. தமிழில் மாங்காய், மலையாளத்தில் மாங்ஙா. மேற்குக் கரையில் இறங்கிய போர்த்துக்கீசியர் அதை 'மாங்கா' என்று எடுத்துக்கொண்டார்கள். ஸ்பானியர் வாயில் அது 'மாங்கோ' ஆயிற்று. அகபுல்கோ சந்தையில் கூடை வைத்திருக்கும் கிழவி இன்று 'மாங்கோ, மாங்கோ' என்று கூவினால், அவள் கூவுவது பாதி நம்முடைய வார்த்தை.

மாம்பழத்தில் மிளகாயைச் சேர்ப்பது ஏதோ நேற்று முளைத்த நாகரிகம் என்று நேயர்கள் எண்ணிவிடக் கூடாது. பெர்னார்டினோ தெ ஸஹாகூன் என்ற ஸ்பானியப் பாதிரியார் 1529-ல் மெக்ஸிகோவுக்கு வந்தார். அந்த மக்களின் மொழியைக் கற்றுக்கொண்டார். அவர்களுடைய தெய்வங்கள், மருந்துகள், தொழில்கள், சாப்பாடு எல்லாவற்றையும் பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டுப் பன்னிரண்டு புத்தகங்களாகத் தொகுத்தார். சந்தையில் பண்டம் விற்கிறவர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. நல்ல வியாபாரி எப்படி இருப்பான், ஊசிப்போன பண்டத்தை விற்கும் கெட்ட வியாபாரி எப்படி இருப்பான் என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். பிரபுக்கள் வீட்டுச் சாப்பாட்டைச் சொல்லும் இடத்தில் ஒரு குழம்பு வருகிறது: பழுக்காத 'ஸிருவேலா' காய்கள், வெண்ணிறச் சிறு மீன்கள், மஞ்சள் மிளகாய், தக்காளி. மீனுக்குப் புளிப்பும் காரமும் கலந்த பழம்! அந்த ஸிருவேலா மரம் தாவர சாஸ்திரப்படி மாமரத்தின் குடும்பத்தையே சேர்ந்தது. தாயாதி என்று சொல்லலாம். எனவே மாம்பழம் கப்பலில் வந்து இறங்கியபோது, அதன் தாயாதி உட்கார்ந்த பலகை ஏற்கெனவே போட்டுத் தயாராக இருந்தது.

டாக்கோ என்ற பெயருக்கும் ஒரு கதை உண்டு. அந்த உணவின் சரித்திரத்தை ஆராய்ந்த ஜெப்ரி பில்ச்சர் என்ற பேராசிரியர், வெள்ளிச் சுரங்கங்களைச் சுட்டிக் காட்டுகிறார். பாறையைப் பிளக்க வெடிமருந்தைக் காகிதத்தில் சுருட்டித் துளையில் வைப்பார்களாம்; அந்த வேட்டுக்கு டாக்கோ என்று பெயராம். சுரங்கத் தொழிலாளி சுருட்டித் தின்ற ரொட்டிக்கும் அந்தப் பெயரே வந்திருக்கலாம் என்பது அவருடைய ஊகம். உள்ளே இருக்கும் மிளகாயைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் பெயர் பொருத்தம் என்றே தோன்றுகிறது.

இனி, அடியில் இருக்கும் ரொட்டிக்கு வருவோம். நம் கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

மெக்ஸிகோவின் தென்மேற்கில் பால்ஸாஸ் நதிப் பள்ளத்தாக்கில் ஒருவகைக் காட்டுப் புல் வளர்கிறது. அதன் கதிரில் கல்லைப் போல் ஓடு மூடிய பத்துப் பன்னிரண்டு மணிகளுக்கு மேல் இருப்பதில்லை. சுமார் ஒன்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே வாழ்ந்த மக்கள், இதில் நல்ல கதிராகப் பார்த்துப் பார்த்து எடுத்து விதைத்தார்கள். தலைமுறை தலைமுறையாக விதைத்து அந்தப் புல்லை மக்காச்சோளமாக்கினார்கள். இது முதல் சாதனை.

இரண்டாவது சாதனை சமையலறையில் நடந்தது. காய்ந்த மக்காச்சோளத்தை வெறுமனே அரைத்துத் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் மெல்லிய ரொட்டி தட்ட வராது, உதிர்ந்து போகும். மணியின் மேல் தோல் தடித்தது, எளிதில் கழலாது. இதற்கு அந்தப் பெண்கள் ஒரு வழி கண்டார்கள். தண்ணீரில் சுண்ணாம்பையோ விறகுச் சாம்பலையோ கரைத்து, அதில் சோளத்தை வேகவைத்து, இராத்திரி முழுவதும் ஊறவிட்டார்கள். காலையில் எடுத்துக் கழுவினால் தோல் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். மணி மிருதுவாகிவிடும். அரைத்தால் மாவு பிசுபிசுவென்று சேர்ந்துவரும். இப்படிப் பக்குவப்படுத்திய சோளத்துக்கு நிஸ்தமால் என்று பெயர். நஹுவாட்ல் மொழியில் சாம்பலைக் குறிக்கும் சொல் அதற்குள் இருக்கிறது. இந்த வழக்கம் மூவாயிரம் ஆண்டுகளுக்குக் குறையாத பழமை உடையது.

ரொட்டி தட்ட வருகிறதே என்பதற்காகச் செய்த காரியம் அது. ஆனால் அதனால் விளைந்த நன்மை ரொட்டியோடு நிற்கவில்லை. மக்காச்சோளத்தில் நயாஸின் என்ற உயிர்ச்சத்து இருக்கிறது. ஆனால் பெரும்பகுதி வேறு பொருள்களோடு பிணைந்து கிடக்கிறது. இரும்புப் பெட்டிக்குள் பூட்டிய பணம் போலத்தான். வீட்டில் இருந்தும் செலவுக்கு உதவாது. அந்தப் பெட்டிக்குச் சாவி, சுண்ணாம்புத் தண்ணீர். சுண்ணாம்பில் வெந்த சோளத்திலிருந்து அந்தச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள முடிகிறது. எலும்புக்கு வேண்டிய சுண்ணச் சத்தும் கூடவே சேருகிறது. சோளத்துக்குத் துணையாக அவர்கள் பயறும் மிளகாயும் தக்காளியும் சாப்பிட்டார்கள். இந்தச் சாப்பாட்டின் பலத்தில் நகரங்களும் கோயில்களும் ராஜ்யங்களும் எழும்பின.

கப்பல்காரர்கள் மக்காச்சோளத்தை ஐரோப்பாவுக்கு எடுத்துப் போனார்கள். நன்றாக விளைந்தது, மலிவாகக் கிடைத்தது. கோதுமைக்கு வக்கில்லாத குடியானவர்களுக்கு அது பெரிய வரமாகத் தோன்றியது. வட இத்தாலியில் ஏழை ஜனங்கள் அதை மாவாக்கிக் களி கிண்டி மூன்று வேளையும் அதையே தின்றார்கள். தானியம் போயிற்று, சுண்ணாம்பு போகவில்லை. ஊரைப் பிடித்தவர்களுக்கு, அம்மிக்குப் பின்னால் மண்டியிட்டிருந்த பெண்ணிடம், "இதை எப்படி அம்மா சமைக்கிறாய்?" என்று கேட்கத் தோன்றவில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்காததற்கு விலை பின்னால் வந்தது.

1735-ல் ஸ்பெயின் தேசத்தின் அஸ்தூரியாஸ் பிரதேசத்தில் காஸ்பர் காஸல் என்ற வைத்தியர் ஒரு விநோத வியாதியைக் கண்டார். வெயில் படும் இடமெல்லாம் தோல் சிவந்து, கருத்து, உரிந்தது. கழுத்தைச் சுற்றி மாலை போட்டது போல் புண். பேதி, பிறகு சித்தப் பிரமை, கடைசியில் மரணம். வியாதியஸ்தர்கள் எல்லாரும் பரம ஏழைகள். மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்தவர்கள். இத்தாலியில் 1771-ல் பிராப்பொல்லி என்ற வைத்தியர் இதைப் 'பெல்லக்ரா' என்று குறிப்பிட்டார். சொரசொரப்பான தோல் என்று பொருள். கெட்டுப்போன சோளத்தில் விஷம் இருக்கிறது என்று பிற்காலத்தில் லொம்ப்ரோஸோ போன்ற பெரிய பண்டிதர்கள் சாதித்தார்கள். சோளத்தின் மேல் பழி விழுந்ததே தவிர, சமைக்கும் முறையை யாரும் சந்தேகிக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த வியாதி அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென் மாகாணங்களில் தாண்டவமாடியது. அங்கே பருத்திக் காட்டில் உழைத்த ஏழைகளுக்கு, கறுப்பரானாலும் வெள்ளையரானாலும், ஆலையில் முளை நீக்கி அரைத்த சோள மாவும், கொழுப்புக் கறித்துண்டும், சர்க்கரைப் பாகும்தான் ஆகாரம். சோளத்தைச் சாம்பல் தண்ணீரில் பக்குவப்படுத்தும் வழக்கம் அந்த மண்ணின் ஆதிக்குடிகளிடம் இருக்கத்தான் இருந்தது. ஆனால் மலிவான ஆலை மாவு வந்த பிறகு அதை யார் நினைக்கிறார்கள்? 1906 முதல் 1940 வரை சுமார் 30 லட்சம் பேரை இந்த வியாதி பீடித்தது. சுமார் ஒரு லட்சம் பேர் மாண்டார்கள்.

இது தொற்று வியாதி என்று வைத்தியர்கள் நம்பினார்கள். 1914-ல் இதை ஆராய நியமிக்கப்பட்ட ஜோஸப் கோல்ட்பெர்கர் என்ற ஸர்க்கார் வைத்தியருக்கு ஒரு சந்தேகம் தட்டியது. அநாதை விடுதிகளிலும் பைத்திய ஆஸ்பத்திரிகளிலும் உள்ளே இருப்பவர்களுக்கு வியாதி வருகிறது; அவர்களோடு பழகும் சிப்பந்திகளுக்கு ஏன் வருவதில்லை? தொற்று ஆளைப் பார்த்தா ஒட்டும்? அவர் சாப்பாட்டை மாற்றினார். பால், முட்டை, இறைச்சி, பயறு கொடுத்தார். வியாதி போய்விட்டது. 1915-ல் மிஸிஸிப்பி மாகாணத்துச் சிறைப் பண்ணை ஒன்றில், விடுதலை தருவதாக வாக்களிக்கப்பட்டு முன்வந்த பதினொரு கைதிகளுக்குச் சோளத்தைப் பிரதானமாகக் கொண்ட ஏழைச் சாப்பாட்டையே கொடுத்து வந்தார். சில மாதங்களில் ஆறு பேருக்கு வியாதி கண்டது. அப்படியும் பலர் நம்பவில்லை. 1916-ல் அவரும் அவருடைய சகாக்களும், நோயாளிகளின் இரத்தத்தைத் தங்கள் உடம்பில் ஊசி மூலம் ஏற்றிக்கொண்டார்கள். நோயாளிகளின் தோல் பொருக்கையும் மலஜலத்தையும் மாவில் உருட்டி விழுங்கினார்கள்! கோல்ட்பெர்கரின் மனைவியும் ஊசி போட்டுக்கொண்டார். ஒருவருக்கும் பெல்லக்ரா வரவில்லை. ஒரு நாவலாசிரியன் இப்படி ஒரு சம்பவத்தை எழுதினால், மிகைப்படுத்துகிறான் என்று விமரிசகர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

கோல்ட்பெர்கர் 1929-ல் காலமானார். எந்தச் சத்தின் குறைவால் வியாதி வருகிறது என்பது 1937-ல்தான் கான்ராட் எல்வஜெம் என்ற விஞ்ஞானியின் ஆராய்ச்சியால் துலங்கியது. அதுதான் நயாஸின். காஸல் வைத்தியர் முதல் நோயாளியைப் பார்த்து இருநூறு ஆண்டுகள் கழிந்துவிட்டன. அத்தனை காலமும் மெக்ஸிகோ கிராமத்துப் பெண், வாரத்துக்கு ஒரு பிடி சுண்ணாம்பு வாங்கி, பெல்லக்ராவின் பெயர்கூடத் தெரியாமல் தன் பிள்ளைகளை அதனிடமிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

அவளுக்குக் கிடைத்த மரியாதை என்ன? 1899-ல் பிரான்ஸிஸ்கோ புல்னெஸ் என்ற மெக்ஸிகோ அறிஞர் ஒரு புத்தகம் எழுதினார். உலகத்து ஜனங்களைக் கோதுமை தின்பவர், அரிசி தின்பவர், சோளம் தின்பவர் என்று மூன்றாகப் பிரித்தார். கோதுமை தின்பவரே முன்னேறக் கூடியவர் என்று தீர்ப்புச் சொன்னார். சோளம் தின்பவர் மட்டுமல்ல, சாதம் தின்னும் நாமும் அவருடைய தராசில் தேறவில்லை! தேசத்தின் ஏழ்மைக்கு நிலம் சிலர் கையில் இருந்ததைக் காரணமாகச் சொல்வதைவிட, ரொட்டியைக் காரணமாகச் சொல்வது சுலபம் அல்லவா?

இதற்காக அந்தப் பழைய சமையலறையைச் சொர்க்கம் என்று வர்ணித்துவிடவும் கூடாது. ஊறிய சோளத்தை அரைக்கும் கல்லுக்கு மெத்தாத்தே என்று பெயர். நம் அம்மியைப் போன்றது. ஆனால் மூன்று காலில் சரிவாக நிற்கும். பெண் அதன் முன்னால் மண்டியிட்டு, இரண்டு கையாலும் குழவியைப் பிடித்து, முன்னும் பின்னும் தள்ளி அரைக்க வேண்டும். ஒரு குடும்பத்துக்கு வேண்டிய மாவை அரைக்க நாள்தோறும் நாலைந்து மணி நேரம் பிடித்தது. விடியுமுன் தொடங்கினால்தான் வேலைக்குப் போகும் புருஷனுக்கு ரொட்டி கிடைக்கும். மாவு மறுநாளைக்குத் தாங்காது, புளித்துப்போகும். ஆகையால் அவளுக்கு விடுமுறை என்பதே கிடையாது.

இருபதாம் நூற்றாண்டில் ஈரச் சோளம் அரைக்கும் மில்கள் கிராமங்களுக்கு வந்தன. லாஸாரோ கார்தெனாஸ் ஜனாதிபதியாக இருந்த 1934–1940 காலத்தில், கிராமத்துப் பெண்கள் சங்கங்களுக்கு ஸர்க்காரே மில் கொடுத்து உதவியது. ஆண்கள் சிலர் ஆட்சேபித்தார்கள். மில் மாவில் ருசி இல்லை என்றார்கள். வேலை குறைந்தால் பெண்கள் கெட்டுப்போவார்கள் என்றும் சொன்னார்கள். தெபோஸ்த்லான் என்ற கிராமத்தைப் பற்றி ஆஸ்கார் லூயிஸ் 1951-ல் வெளியிட்ட நூலில் இந்த விவகாரங்களைப் படிக்கலாம். பெண்கள் இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாமல் சோளக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மில்லுக்கு நடந்தார்கள். 1949-ல், சுண்ணாம்பில் பக்குவம் செய்து உலர்த்திய மாவையே மூட்டையாக விற்கும் தொழிலும் தொடங்கிற்று. மஸேக்கா என்பது அதன் பெயர். ருசி சற்று மட்டம் என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் தண்ணீர் ஊற்றிப் பிசைந்தால் ரொட்டி தட்டலாம். சுண்ணாம்பு நின்றது, முழங்கால் வலி போயிற்று.

வீட்டிலேயே முறைப்படி செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு வழி இதோ. பச்சைக் கதிர் உதவாது. நன்றாக முற்றி உலர்ந்த மக்காச்சோளம் ஒரு கிலோ வேண்டும். மூன்று லிட்டர் தண்ணீரில், சமையலுக்கென்று விற்கும் சுத்தமான நீற்றிய சுண்ணாம்புத் தூள் 10 கிராம் கரைத்து, சோளத்தைப் போட்டு, மணியை விரலால் தேய்த்தால் தோல் கழலும் வரை வேகவிட வேண்டும். முக்கால் மணி நேரம் பிடிக்கலாம். அலுமினியப் பாத்திரம் ஆகாது. சுண்ணாம்பு அதை அரித்துவிடும். இராத்திரி முழுவதும் ஊறவிட்டு, காலையில் இரண்டு மூன்று தண்ணீரில் அலசித் தேய்த்து, கிரைண்டரில் நீர் குறைவாகத் தெளித்து கெட்டியாக அரைக்க வேண்டும். எலுமிச்சம்பழ அளவு உருண்டை எடுத்து இரண்டு வாழை இலைத் துண்டுகளுக்கு நடுவில் வைத்து அழுத்தி, நன்றாகக் காய்ந்த தோசைக் கல்லில் போட்டு, இரண்டு முறை திருப்பினால் உப்பிக்கொண்டு வரும். எடுத்துத் துணியில் சுற்றி வைக்கவும். இரண்டு மாம்பழத்துக்கு ஒரு சின்ன வெங்காயம், ஒன்றிரண்டு பச்சைமிளகாய், ஒரு பிடி கொத்தமல்லி, ஓர் எலுமிச்சம்பழம், உப்பு என்ற கணக்கில் பச்சடியைக் கலந்து, கால் மணி நேரம் வைத்திருந்தால் சாறு விட்டு ஒன்றோடொன்று சேரும். மீன் சாப்பிடுகிறவர்களுக்கு உப்பிட்டுப் பொரித்த மீன். மற்றவர்களுக்கு வேகவைத்து மசித்த பயறு.

மெக்ஸிகோவின் பாரம்பரியச் சமையலை 2010-ல் யுனெஸ்கோ ஸ்தாபனம் மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. புல்னெஸ் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ! மாம்பழம் தன் பெயரையும் சுமந்துகொண்டு உலகத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய், சௌக்கியமாகக் குடியேறிவிட்டது. மக்காச்சோளமும் அங்கிருந்து இங்கெல்லாம் வந்து சேர்ந்தது. வரும்போது ஒரு சிட்டிகைச் சுண்ணாம்பையும் முடிந்துகொண்டு வந்திருந்தால், அஸ்தூரியாஸிலும் லொம்பார்தியிலும் மிஸிஸிப்பியிலும் எத்தனையோ வீடுகளில் விளக்கு அணையாமல் இருந்திருக்கும்.